மன்னர் மாண்பு நூறு

மருதமங்கலத்து ராஜா செண்பகராயருக்குப் புகழ் என்றால் உயிர். நெய் இல்லாமல்கூடச் சாப்பிட்டுவிடுவார், புகழ் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. இது தெரிந்த மந்திரி நரசிங்கர், 'மன்னர் மாண்பு நூறு' என்று நூறு பாட்டு எழுதிவைத்தார். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இனி அது மட்டும்தான் பாடம், கணக்கும் வேண்டாம் கத்தரிக்காயும் வேண்டாம் என்று தண்டோராவும் போட்டாயிற்று. கூலிக்காரன் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

அந்த ஊரில் சரஸ்வதி பூஜை முடிந்ததும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அரண்மனைக்கு வந்து, கோலாட்டக் கழி தட்டி, படித்த பாடத்தை ராஜா முன்னால் பாடிக்காட்டுவது வழக்கம். அந்த வருஷம் பள்ளிக்குப் பள்ளி ராஜாவைப் புகழ்ந்து தள்ளியது. கடைசியில் கூலித்தெருப் பள்ளி வந்தது. வாத்தியார் பொன்னப்பர் தலையசைத்தார். பிள்ளைகள் கழியைத் தட்டிக்கொண்டு, "எட்டுப் படி ஒரு மரக்கால்!" என்று எடுத்தார்கள் பாருங்கள், மண்டபமே அதிர்ந்தது.

மந்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. பின்னே? அவர் பண்ணையில் கூலி நெல் அளக்கிற மரக்காலில் ஏழு படிதானே பிடிக்கும். பாட்டு முடிவதற்குள் பொன்னப்பர் கையில் விலங்கு விழுந்தது. இது ராஜத் துரோகம், ஆளை நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்று மந்திரி குதித்தார். பாட்டில் தன் பெயர் வராத கடுப்பில் ராஜாவும் தலையாட்டப் போனார்.

சபை விகடர் ஆவுடையப்பருக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தெருவுக்கு இருப்பதே ஒரு வாத்தியார், அவரும் போனால் அந்தப் பிள்ளைகள் கதி என்ன? ஆனால் இப்போது பரிந்து பேசினால் இரண்டு பேருமாக எல்லை தாண்ட வேண்டியதுதான். அதனால் எழுந்து மந்திரி பக்கமே சேர்ந்துகொண்டார்.

"துரத்துங்கள் அரசே. துணைக்கு அரண்மனைப் பள்ளி வாத்தியாரும் போகட்டும். அவரும் அந்த நூறு பாட்டைச் சொல்லித்தரவில்லை."

அரண்மனைப் பள்ளி என்றால் மந்திரி வீட்டுப் பிள்ளையும் தளபதி வீட்டுப் பிள்ளையும் படிக்கிற இடம். ராஜா உடனே மந்திரி மகனைக் கூப்பிட்டு, நூற்றில் ஒன்றைச் சொல்லு என்றார். பையன் திருதிருவென்று விழித்தான். கணக்குக் கேட்டால் மடமடவென்று சொன்னான், சட்டம் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தான். ராஜா புகழ் மட்டும் ஒரு வரி வரவில்லை. செண்பகராயருக்குச் சுருக்கென்றது.

ஆவுடையப்பர் உச்சுக்கொட்டினார். கூலிக்காரன் பிள்ளையெல்லாம் வயிறு முட்டக் குடிக்கிற அமுதம் நம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார். நாளை முதல் மந்திரி மகனும் ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்து நூறு பாட்டையும் படிக்கட்டும், வேறொன்றும் படிக்க வேண்டாம் என்றார். ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆணை எழுதச் சொல்லிவிட்டார்.

மந்திரி ஓடிவந்து காலில் விழுந்தார்.

"அரசே, எனக்கு ஒரே மகன். அதையே படித்துக்கொண்டிருந்தால் அவன் உருப்படுவானா?"

நரசிங்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"அப்படியானால் ஊரார் பிள்ளைகளுக்கு மட்டும் எதற்கு ஐயா கொடுத்தீர்?" என்றார் ராஜா.

பொன்னப்பர் விலங்கு கழன்றது. அரண்மனைப் பள்ளியில் என்ன பாடமோ அதுதான் இனி ஊருக்கெல்லாம் என்று ஆணை மாறியது. எட்டுப் படிப் பாட்டுக்கு மந்திரி ஏன் அப்படிக் குதித்தார் என்று பார்க்க, அவர் பண்ணை மரக்காலைத் தூக்கிவரவும் ஆள் போயிற்று.

இருந்தாலும் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. ஆவுடையப்பரைப் பக்கத்தில் அழைத்தார். "எல்லாம் சரி. கணக்கும் சட்டமும் படித்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்னைப் புகழுமா?"

"தாராளமாகப் புகழும், அரசே. என்ன, அதற்கு இனிமேல் நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்."

ராஜா சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.