சொக்கலாங்குளத்தார் பட்டாளத்தில் சேரப் போனது

சொக்கலாங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அந்த ஊரில் சடையாண்டி என்று ஒருவன். ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருப்பான். யோசனையும் அப்படித்தான், லேசில் அசையாது. ஒருநாள் குழாயடியில் செவந்தியிடம், "உன்னைக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டான்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "முதல்ல பட்டாளத்துக்குப் போ. அப்புறம் பார்ப்போம்" என்றாள்.

தனியாகப் போக அவனுக்குப் பயம். கூட்டாளிகள் ஒச்சப்பனையும் வீரமலையையும் ஊர் மந்தையில் வைத்து விஷயத்தைச் சொன்னான். வீரமலைக்குப் பேரில்தான் வீரம்.

"பட்டாளத்துல சுடுவாங்களாமேடா?" என்றான் அவன்.

"நாமளும் சுடலாம்ல?"

"யாரை?"

"எதிரியை."

"அவன் பேரு என்ன?"

"அது தெரியாது."

"பேரே தெரியாதவனை எப்படிடா சுடறது? வேற ஆளா இருந்துட்டா?"

நியாயமான கேள்வி. அதனால் ஓட்டுப் போடுவதென்று முடிவாயிற்று.

"போகலாம்ங்கிறவன் கையைத் தூக்கு."

சடையாண்டி ஒரு கையைத் தூக்கினான். வீரமலை கையைக் கட்டிக்கொண்டான். ஒச்சப்பன் தலையில் வைக்கோல் கட்டு. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தான். எண்ணிப் பார்த்தால் மூன்று கை.

"இருக்கிறது மூணு பேரு. விழுந்தது மூணு ஓட்டு" என்றான் சடையாண்டி.

"அப்ப நானும் சரின்னு சொல்லிட்டேனா?" என்று வீரமலை கண் கலங்கினான்.

பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் துரைப்பாண்டி இருந்தார். மூவரும் அவரிடம் யோசனை கேட்கப் போனார்கள். அவர் மீசையைத் தடவியபடி சொன்னார்: "தினம் கோழி கூவுறப்போ எந்திரிக்கணும். வரிசையா ஓடணும். முன்னால போறவன் என்ன செய்யறானோ, பின்னால வர்றவன் அப்படியே செய்யணும். பதினைஞ்சு நாள் இப்படிப் பழகிட்டு, ஆள் எடுக்கிற முகாமுக்குப் போங்க."

மூவரும் சடையாண்டி வீட்டு முற்றத்தில் வரிசையாகப் படுத்தார்கள். பொழுது விடிந்தது. மூஞ்சியில் வெயில் அடித்தது. யாரும் அசையவில்லை. அந்த வீட்டில் இருந்தவை மூன்றும் முட்டைக் கோழிகள்.

"ஒச்சு, நீயாவது கூவேன்டா" என்றான் வீரமலை, கண்ணை மூடியபடியே.

"நான் கூவணும்னா முதல்ல எந்திரிக்கணும். எந்திரிக்கணும்னா கோழி கூவணும்."

சடையாண்டிக்குப் பசி குடலைப் பிடுங்கியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மத்தியானம் அவன் அம்மா வந்து தலைமாட்டில் கஞ்சிச் சட்டியை வைத்து, "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவளே ஒரு சேவல் வாங்கி வந்து விட்டாள். நல்ல சேவல். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் எழுந்திருக்க வேண்டியிருந்ததால், நடுநடுவே போய்ப் படுத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பதினைந்து நாள் முடிவதற்குள் மூவருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

ஓட்டப் பயிற்சியில் சடையாண்டிதான் முன்னால். கண்மாய்க் கரையில் ஒரு பனங்கொட்டை தடுக்கிக் குப்புற விழுந்தான். ஒச்சப்பனும் அதே கொட்டையில் காலை இடித்து அவன்மேல் விழுந்தான். வீரமலை வருவதற்குள் கொட்டை உருண்டு புதருக்குள் போய்விட்டது. அவன் அதைத் தேடி எடுத்து, பழைய இடத்தில் வைத்து, இருபதடி பின்னால் போய், ஓடி வந்து விழுந்தான்.

"எனக்குத்தான்டா ரொம்பக் கஷ்டம்" என்றான் மண்ணைத் துப்பிக்கொண்டு.

பதினாறாம் நாள் டவுனுக்குப் போனார்கள். முகாமில் கூட்டமான கூட்டம். சுபேதார் ஒருவர் சடையாண்டியின் நெஞ்சில் டேப்பைச் சுற்றி, "மூச்சை இழுத்துப் பிடி" என்றார். பிடித்தான். அவர் அளவை எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். விடு என்று சொல்லவில்லை.

சடையாண்டி செவந்தியை நினைத்துக்கொண்டு தாக்குப் பிடித்தான். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. காது அடைத்தது. தொப்பென்று சாய்ந்தான். பின்னால் நின்ற ஒச்சப்பன் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் தொப்பென்று சாய்ந்தான். வீரமலை துண்டை உதறி விரித்துச் சாய்ந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பி, என்ன ஏது என்று விசாரித்த சுபேதாருக்கு மீசை துடித்தது. வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"திரும்பிப் பார்க்காம ஊருக்கு ஓடுங்கடா!"

சடையாண்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உத்தரவுடா! பட்டாளத்துக்காரனுக்குத்தானே உத்தரவு போடுவாங்க? நம்மளைச் சேர்த்துக்கிட்டாங்க!"

"ஊரு நமக்குப் பின்னால இருக்கே?" என்றான் ஒச்சப்பன்.

"திரும்பக் கூடாதுன்னுட்டாரு. அப்படியே ஓடு!"

ஊர்வரைக்கும் ஒன்பது மைலும் மூவரும் டவுனைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தார்கள். ஜனம் எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் டவுனைப் பார்த்து நிற்கிறார்கள். மூச்சு வேறு வாங்குகிறது.

"அடேய், பசங்க பட்டாளத்துக்குக் கிளம்பிட்டாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். கொட்டு வந்தது, மாலை வந்தது. செவந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்க. கடுதாசி போடு" என்றாள்.

"போய்ச் சேர்ந்ததும் போடுறேன்" என்றான் சடையாண்டி.

ஊரே கையசைத்து நிற்க, மூவரும் அழுதுகொண்டே பின்பக்கமாக நடந்து அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.