பிரமிடுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்கள்

ஓடைக்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த மாசிலாமணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். ஹாலில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. அவருடைய மகள் மலர்க்கொடியைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்த ரத்தினசபாபதி வீட்டிலோ, குடும்பமே தாஜ்மகால் முன்னால் நிற்கும் படம் ஜன்னல் அகலத்துக்குத் தொங்கியது. எப்போது போனாலும் அதைக் காட்டி, "நீங்க எங்கேயும் போனதில்லையோ, சம்பந்தி?" என்று அன்பாகக் கேட்பார். அன்பாகக் கேட்டதுதான் மாசிலாமணியால் தாங்க முடியவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நம் ஹாலில் ஒரு பிரமிடு தொங்கியாக வேண்டும் என்று முடிவு செய்தார். மனைவி அன்னகாமு, மகள் மலர்க்கொடி, அன்னகாமுவின் தம்பி சோலையப்பன் ஆகியோரை அழைத்துக்கொண்டு எகிப்துக்கு விமானம் ஏறினார். நாலு பேரும் சொன்ன பேச்சை அப்படியே கேட்கிறவர்கள். தொல்லையெல்லாம் அதனால்தான் வந்தது.

பிரமிடு பார்க்கப் போகும் காலையில், சுற்றுலா அழைத்து வந்த தூத்துக்குடி சேவியர் பஸ் வாசலில் நின்று கும்பிட்டார். "வாங்க, வாங்க. சாயங்காலம் வரைக்கும் இந்த பஸ்தான் நமக்கு வீடு."

வீடு என்றதும் நாலு பேரும் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே வரிசையாக விட்டுவிட்டு ஏறினார்கள். பஸ் கிளம்பியது. செருப்புகள் ஓட்டல் வாசலிலேயே இருந்தன.

வழியில் சேவியர் மைக்கைப் பிடித்து, பிரமிடு என்பது ஒரு ராஜாவின் சமாதி என்று விளக்கினார். அன்னகாமு திடுக்கிட்டாள்.

"ஐயையோ, ராஜா தவறிட்டாரா? நமக்கு யாருமே சொல்லலையே."

"எப்போங்க ஆச்சு?" என்று சோலையப்பன் எழுந்து நின்று கேட்டான்.

"நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சுங்க," என்றார் சேவியர்.

சோலையப்பன் உட்கார்ந்தான். "தகவல் லேட்டாத்தான் வந்திருக்கு, மச்சான். அதுக்காக, இவ்வளவு தூரம் வந்துட்டு துக்கம் கேக்காம போனா நல்லா இருக்காது."

மாசிலாமணி யோசித்தார். "துக்கம் கேப்போம். ஆனா போட்டோவும் எடுத்தாகணும்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணல் காலைச் சுட்டது. குதித்துக் குதித்து நடந்தார்கள். "இப்பவே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காதீங்க," என்று சேவியர் அவசரப்படுத்தினார். "கூட்டம் சேர்றதுக்குள்ள உள்ள போயிட்டு வந்துடுவோம். அப்புறம் நிதானமாப் பாக்கலாம்." நாலு பேரும் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மாசிலாமணிக்குக் கழுத்து தானாக மேலே திரும்பப் பார்த்தது. கையால் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

உள்ளே நுழையும் இடத்தில் சேவியர் மறுபடி எச்சரித்தார். "வழி ரொம்ப தாழ்வு, தலை இடிக்கும். குனிஞ்சே வாங்க. நான் சொன்னப்புறம் நிமிருங்க."

பாதி வழியில் கூட்டத்தில் ஓர் அம்மாளுக்கு மூச்சு வாங்க, சேவியர் அவருக்கு விசிறிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நம்மவர்கள் குனிந்தபடியே ராஜாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு கல்பெட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் காலி.

"எடுத்துட்டாங்க," என்றாள் அன்னகாமு, முகம் வாடி. "விடியறதுக்கு முன்ன கிளம்பலாம்னேன், கேட்டீங்களா? கடைசியா முகத்தைப் பாக்கக் கூடக் குடுத்து வைக்கல."

மூலையில் மீசைக்காரக் காவலாளி ஒருவர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பெரிய மகனாகத்தான் இருக்கும் என்று சோலையப்பன் சொன்னான். ஒவ்வொருவராகப் போய் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அன்னகாமு தரையில் உட்கார்ந்து, "இத்தாம் பெரிய வீட்டைக் கட்டிட்டு இருக்கக் குடுத்து வைக்கலையே, ராசா" என்று ஒப்பாரியை எடுத்தாள். அறை முழுக்கக் கல்லானதால் ஒரு குரல் பத்தாகத் திரும்பி வந்தது.

"சொந்தக்காரங்க நிறைய போல," என்றான் சோலையப்பன்.

ஒரு வார்த்தையும் புரியாமலே காவலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லக் கூடாது அல்லவா? நாலு பேரும் சத்தமில்லாமல் நழுவினார்கள். வழியில் விசிறிக்கொண்டிருந்த சேவியரைத் தாண்டும்போது கூட வாய் திறக்கவில்லை.

வெளியே வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நிமிரச் சொல்ல வேண்டிய சேவியர் உள்ளே இருக்கிறார்.

"அப்பா, நாமளா நிமிர்ந்துக்கலாமா?" என்றாள் மலர்க்கொடி.

"அவர் என்ன சொன்னார்? 'நான் சொன்னப்புறம்'னார். விவரம் தெரிஞ்சவர் சொன்னா காரணம் இருக்கும்," என்றார் மாசிலாமணி. சொல்லிவிட்டாரே தவிர அவருக்கு அழுகையே வந்தது. கடல் தாண்டி வந்து பார்க்க வேண்டிய பொருள், பிடரிக்குப் பின்னால் எங்கேயோ நிற்கிறது.

போட்டோவையாவது எடுப்போம் என்று ஒட்டகக்காரர் ஒருவரிடம் போனைக் கொடுத்தார்கள். அவர் மோவாயைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"நிமிரச் சொல்றாரு, மச்சான்."

"அவர் சேவியரா?"

"இல்லையே."

"அப்போ குனி."

படம் எடுத்தாயிற்று. இனி பஸ் ஏற வேண்டும். பஸ்ஸோ வீடு. துக்கத்துக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையலாமா? குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீர் பாட்டில்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தார்கள்.

அரைமணி நேரம் தேடி அலைந்த சேவியர் மூச்சிரைக்க வந்தார். "ஏங்க ஒரு வார்த்தை சொல்லாம வந்தீங்க?"

"சொல்லலாமுங்களா?" என்று அன்னகாமு அவரையே திருப்பிக் கேட்டாள்.

சேவியர் நாலு தலையையும் எண்ணிவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னார். பஸ் நகரத்துக்குள் வந்த பிறகுதான் மறுபடி அவர்கள் பக்கம் திரும்பினார். "ஏன் எல்லாரும் குனிஞ்சே இருக்கீங்க? நிமிருங்க."

மாசிலாமணி ஆசையாக நிமிர்ந்தார். பஸ்ஸின் கூரை தெரிந்தது. படமாவது இருக்கிறதே என்று போனைத் தடவிக்கொண்டார்.

ஊருக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்கள். பின்னால் பிரமிடு நுனி வரைக்கும் முழுசாக விழுந்திருந்தது. முன்னால் நாலு உச்சந்தலைகள். இறந்தவர் வீட்டுப் படத்தைச் சும்மா விடக் கூடாது என்று அன்னகாமு ரோஜா மாலை போட்டு, கீழே ஒரு விளக்கும் ஏற்றி வைத்தாள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் ரத்தினசபாபதி வந்தார். படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி ஆச்சு, சம்பந்தி? ஒருத்தர் கூட மிஞ்சலையே."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். மாலைக்குள்ளே நாலு பேரும் இருந்தார்கள்.

"நாங்கதான் திரும்பி வந்துட்டோமே," என்றார்.

"அங்கேயிருந்து போயிட்டு வர்றோம்னு சொல்லிக்கிட்டுக் கிளம்பினீங்களா?"

"சொல்லல."

"அப்புறம் எப்படி வந்திருப்பீங்க?"

ரத்தினசபாபதி படத்துக்குக் கிட்டே போனார். "முகம் ஒண்ணும் தெரியலையே. ஒருவேளை இது நீங்க இல்லையோ? நீங்க இல்லைன்னா நாளைக்கு நிச்சயத்தை வச்சுக்கலாம். நீங்கதான்னா ஒரு வருஷம் தள்ளணும்."

மாசிலாமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். நாங்கள் இல்லை என்றால் மகள் கல்யாணம் நடக்கும், ஆனால் எகிப்துக்குப் போனதாக ஆகாது. மலர்க்கொடியைப் பார்த்தார். தாஜ்மகாலை நினைத்தார்.

"சம்பந்தி," என்றார் தழுதழுத்து, "செத்தது நாங்கதான்."

"ஒரு வருஷம்தானேப்பா," என்றாள் மலர்க்கொடி. "நாம இனிமே எங்க போகப் போறோம்?"

சோலையப்பன்தான் மெதுவாகக் கேட்டான். "தாஜ்மகாலும் சமாதிதானுங்களே? அங்கேயிருந்து நீங்க சொல்லிக்கிட்டா கிளம்பினீங்க?"

ரத்தினசபாபதி தலையைச் சொறிந்தார். "அந்தக் கூட்டத்துல யார்கிட்ட சொல்றது? சொல்லல." அவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. "அப்போ ரெண்டு குடும்பமும் ஒண்ணுதான். துக்கத்துக்கும் துக்கத்துக்கும் தோஷம் இல்லை. நாளைக்கே வச்சுக்கலாம்."

தன் வீட்டுத் தாஜ்மகால் படத்துக்கு மாலை வாங்க ஓடினார்.

மறுநாள் நிச்சயதார்த்தம் அமர்க்களமாக நடந்தது. வந்தவர்கள் இரண்டு இனிப்போடு வயிறாரச் சாப்பிட்டார்கள், ஆளுக்கு ஒரு முறை மாசிலாமணியின் கையைப் பிடித்து அழுத்தினார்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். சாயங்காலம் வரைக்கும் ஓடைக்குளத்துத் தெருக்குழாயில் குளிக்க வரிசை நின்றது.