சத்தம் போடாத லைப்ரரி

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர். எந்த லைப்ரரின்னு நீங்களே சொல்லிருங்க."

கேட்டவர் தேவநேசம். வயது நாற்பத்தெட்டு, மீன்பிடித் துறைமுகச் சங்கத்தில் எழுத்தர். டீச்சர் என்றது நஸ்ரினை. அவர் மகள் வயதுதான் இருக்கும். வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவள்.

சங்கத்துக்கு அவர் ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது இணையம் வழியாக, ஆள் அனுப்புவதுபோல, வானிலைக்காரர்களிடம் கேட்கும். போன ஆள் திரும்புகிற வரைக்கும் வாய் பார்த்து நிற்காமல், தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். இப்படிக் கேட்டு வருவதற்குப் பிறர் எழுதி வைத்த நிரலை எடுத்து மாட்டிக்கொள்ளலாம்; அதற்குத்தான் லைப்ரரி என்று பேர். காற்று மாறினால் எழுத்தும் தானாக மாற வேண்டும். படகுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள்.

திங்கட்கிழமை கிளம்பும் முதல் படகு அவர் தம்பியுடையது.

"ரெண்டு லைப்ரரி எடுத்து வச்சிருக்கேன். ரெண்டுமே புதுசா படிக்கிறவங்களுக்கு லேசுன்னுதான் போட்டிருக்கான். எதை நம்புறது?"

"ரெண்டையும் ஓடவிடுங்க அண்ணாச்சி."

ஓடவிட்டார். லைப்ரரிக்கு ஒன்றாக இருந்த இரண்டு பக்கத்திலும் பச்சையாக வந்து நின்றது: கடலுக்குப் போகலாம்.

நஸ்ரின் குனிந்து நெட் வயரைப் பிடுங்கினாள்.

"ஐயோ, என்ன செய்றீங்க!"

"பேசாம பாருங்க."

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி சரசரவென்று இறங்கியது. தேவநேசம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கடல்லயே கிடந்த குடும்பம். நாலு வரி சிவப்புக்கா இப்படி ஒதுங்குதீங்க?"

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். அதைப் பாத்தாலே நெஞ்சு அடிச்சுக்கிடுது. இந்த முதல்ல உள்ளது தேவலை. வயரைப் பிடுங்கியும் ஒரு சத்தம் இல்லை பாருங்க. எனக்கு இதுதான் சரிப்படும்."

"சரி. இதையே வச்சுக்கிடுங்க."

அவர் முகம் தெளிந்தது. நோட்டை மூடினார்.

"வயரைப் பிடுங்கி ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி," என்றாள் நஸ்ரின். "உங்க பக்கம் இப்ப என்ன சொல்லுது?"

அவர் திரும்பி, வாய்விட்டே வாசித்தார்.

"கடலுக்குப்..."

வயரைப் பிடுங்குமுன் வந்த பச்சை இன்னும் அப்படியே நின்றது.

ஜன்னலுக்கு வெளியே காற்று வலுத்து, கொடிக்கம்பத்துக் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தேவநேசம் அந்தப் பச்சையை மூடினார். நாற்காலியை இழுத்து இரண்டாவது பக்கத்துக்கு முன்னால் போட்டார்.

"இந்தச் சிவப்பை எங்க இருந்து வாசிக்கணும் டீச்சர்?"