மடப்பள்ளியில் கிடைத்த கல்

மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தேழு. அவரிடம் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்ட பக்கிரிசாமிக்கு அறுபத்துநான்கு. குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது கூட. இந்தக் கதையில் விசித்திரம் என்று ஏதாவது இருந்தால் அது இது ஒன்றுதான்.

பக்கிரிசாமி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, கல்லூரியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கல்வெட்டு வகுப்புக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவரோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவர் ஐந்து வருடமாக ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

கம்பம் ஏறிப் பழகிய உடம்பு. எந்தக் கோயில் மதிலிலும் ஏறிவிடுவார். ஆனால் சோழர் கால எழுத்தைப் படிக்கும்போது மட்டும் ஒவ்வொரு வரியையும் நாலு தடவை சரிபார்ப்பார். தப்பாகப் படித்துவிடுவோமோ என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா, பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார் மங்கையர்க்கரசி.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க."

"கத்துக் கொடுத்தவங்க ஒரு கல்வெட்டைத் தப்பாப் படிச்சிருக்காங்கன்னு வெச்சுக்குவோம். அது கத்துக்கிட்டவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் என்ன செய்யணும்?"

டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்தக் கல்லு?"

"இல்லை டீச்சர், சும்மா பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாக் கேக்கிறவர் நாலு மாசமா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர மாட்டார். எந்தக் கல்லு?"

பக்கிரிசாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"கீழ்ப்புலியனூர்," என்றார்.

டீச்சரின் கை அப்போதுதான் நின்றது.

கீழ்ப்புலியனூர் கோயில் சுவர்தான் மங்கையர்க்கரசியை நாலு பேருக்குத் தெரிய வைத்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அந்தக் கோயிலின் மேற்குச் சுவர் அடிப்பகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கல்லைப் படித்தார். முதல் கல்லில் நக்கன் சோலை என்ற ஆடல் மகளின் பெயர் இருந்தது. அடுத்த கல்லில் ஏரி வெட்டி ஊருக்குக் கொடுத்த செய்தி இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கோயிலில் ஆடிய ஒரு பெண், ஒரு ஊருக்கே ஏரி வெட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று கட்டுரை எழுதினார். பத்திரிகைகளில் வந்தது. ஊர்க்காரர்கள் ஏரிக்கரையில் சோலை பெயரில் வளைவு கட்டினார்கள். பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சோலை வேஷம் போடுகிறார்கள்.

"என்ன தப்பு?" என்றார் டீச்சர்.

"அந்த ரெண்டு கல்லும் ஒண்ணுக்கொண்ணு சேராது டீச்சர். எப்பவோ திருப்பணி செஞ்சவங்க சுவரைப் பிரிச்சுட்டு, திருப்பிக் கட்டும்போது கல்லை மாத்தி வெச்சிருக்காங்க. சோலை கல்லுக்கு அடுத்த கல்லு மடப்பள்ளியில இருக்கு. அடுப்புக்கு அடியில கெடந்துச்சு. அடுப்பை இடிச்சப்போ எழுத்து தெரியுதுன்னு குருக்கள் எனக்குப் போன் பண்ணினார்."

"படி எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எங்கே?"

"வீட்டுல, பரண்ல. பிளாஸ்டிக் குழாய்க்குள்ள சுருட்டி வெச்சிருக்கேன்."

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எடுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

மறுநாள் வகுப்பறைத் தரையில் பெஞ்சுகளை நகர்த்திவிட்டு இரண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் படி, கல் இருக்கும் அதே அளவில் வரும். தாள் முழுக்கக் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருக்கும். டீச்சர் தன் பழைய படியை விரித்தார். மடிப்புகளில் தாள் மஞ்சளாகியிருந்தது. பக்கிரிசாமி தன் படியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்களே நகத்துங்க," என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்."

டீச்சரே நகர்த்தினார். பழைய தாளின் வலது ஓரத்தில் ஏழு வரி. அதில் மூன்று வரிகளின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஓரம் சிதைந்துபோனது என்று அவர் கட்டுரையில் எழுதியிருந்தார். இப்போது பக்கிரிசாமியின் தாளில் அந்த மூன்று எழுத்துக்கும் மறு பாதி இருந்தது. தாளோடு தாள் தொட்டதும் மூன்று எழுத்தும் முழுசாகின. ஏழு வரியும் தடங்கல் இல்லாமல் ஓடின.

டீச்சர் விரல் வைத்துப் படித்தார். நக்கன் சோலை ஏரி வெட்டவில்லை. கோயிலில் எந்நேரமும் எரிய ஒரு விளக்கு கொடுத்திருக்கிறாள். அந்த மாதிரி விளக்கு கொடுத்தவர்கள் ஒவ்வொரு கோயிலிலும் இருபது முப்பது பேர் இருப்பார்கள்.

அவருக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது. ஆனால் அந்த மூன்று எழுத்தையும் மறுபடி பார்த்தபோது சிரிப்பும் வந்துவிட்டது.

"எவ்வளவு அழகா உட்காருது பாருங்க," என்றார்.

பக்கிரிசாமி பார்க்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு ஐயா அழறீங்க? தப்புப் பண்ணினது நான்."

"உங்க பேரு போயிடும் டீச்சர்."

"மாசி மாசம் கருத்தரங்கு வருது. கட்டுரையா எழுதுங்க."

"நான் எழுத மாட்டேன். நீங்களே திருத்தி எழுதிடுங்க. என் பேரு வேணாம்."

"கல்லைப் பார்த்தது யாரு?"

"அப்ப நீங்க ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் எழுதறேன்."

"எனக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு. உங்களுக்கு அப்போ எழுபத்தேழு. கண்ணு தெரியணுமே."

பக்கிரிசாமிக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"ஊர்க்காரங்க?" என்றார்.

"நான் போய்ச் சொல்லிக்கிறேன். வளைவு இருக்கட்டும். விளக்குக் கொடுத்தவளுக்கும் ஒரு வளைவு இருந்தா என்ன?"

கட்டுரையைப் பக்கிரிசாமி ஆறு தடவை எழுதினார். ஆறு தடவையும் முதல் பக்கத்தில் 'என் மதிப்பிற்குரிய ஆசிரியர்' என்று இரண்டு பாரா இருந்தது. ஆறு தடவையும் டீச்சர் அதை அடித்துவிட்டார்.

"முதல் வரியில கல்லு வரணும்," என்றார்.

கருத்தரங்குக்கு முந்தின நாள் டீச்சர் வீட்டில் ஒத்திகை முடிந்ததும் பக்கிரிசாமி கேட்டார்:

"நாளைக்கு நீங்க எழுந்து, 'ஆமா, இவர் சொல்றது சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தைரியமா இருக்கும் டீச்சர்."

"அதை அங்கே பார்ப்போம்," என்றார் அவர்.

கருத்தரங்கில் 'புதிய கண்டுபிடிப்புகள்' என்று ஒரு அமர்வு. ஒருவர் நடுகல் கண்டுபிடித்திருந்தார். ஒருவர் செப்பேடு. ஒருவர் வாய்க்கால் மதகில் எழுத்துக் கண்டுபிடித்திருந்தார். எல்லோரும் 'இதுவரை யாரும் அறியாத' என்றுதான் ஆரம்பித்தார்கள். பக்கிரிசாமி மட்டும், "இந்தக் கல் மேற்குச் சுவரில் இருக்கிறது, முப்பத்தொரு சென்டிமீட்டர் உயரம்" என்று ஆரம்பித்தார். படித்து முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அரங்கில் அறுபது பேர் இருப்பார்கள். அறுபது பேரும் இரண்டாவது வரிசையில் இருந்த மங்கையர்க்கரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். பக்கிரிசாமி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"மடப்பள்ளிக் கல்லு அந்தக் கோயில் கல்லுதான்னு எப்படிச் சொல்றீங்க? பக்கத்து ஊர்ல இடிஞ்ச கோயில்ல இருந்து அடுப்புக்குக் கொண்டுவந்து போட்டிருக்கலாமே?"

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இந்த இடத்தில் 'சரி' என்றுதான் டீச்சர் சொன்னார்.

"சுவர்க் கல்லுல ஒரு வெள்ளை ரேகை சாய்வா ஓடுது," என்றார் மெதுவாக. "அதே ரேகை மடப்பள்ளிக் கல்லுல, அது விட்ட எடத்துல இருந்தே ஓடுது. ரெண்டும் ஒரே பாறையில வெட்டினது."

"படியோட ஓரம் ரொம்பக் கறுப்பா இருக்கு. மையைக் கூடப் போட்டு எழுத்தை நீங்களே உண்டாக்கலைன்னு என்ன நிச்சயம்?"

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பக்கிரிசாமியின் காது சூடானது. ஐந்து வருடத்தில் அவரை யாரும் பொய்க்காரனா என்று கேட்டதில்லை. அதுவும் இவர் கேட்பதா?

"மூணு படி எடுத்தேன். மூணும் வேற வேற நாள்ல. மூணும் கொண்டுவந்திருக்கேன். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது எடுத்த போட்டோவும் இருக்கு." அவர் குரல் உயர்ந்துவிட்டது. "யாரு வேணும்னாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம்."

ஐந்தாறு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். தாள்கள் கைமாறின. டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

"பழைய கட்டுரையில ரெண்டு வரி ஒழுங்காப் பொருந்துதே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"தானம் கொடுத்த கல்வெட்டெல்லாம் ஒரே மாதிரிதான் பேசும். எந்தக் கல்லையும் எந்தக் கல்லுக்குப் பக்கத்துல வெச்சாலும் ரெண்டு வரி பொருந்தும். மத்த அஞ்சு வரி பொருந்தலை. சிதைஞ்சதுன்னு எழுதி..." அவர் நிறுத்தினார். பிறகு சொல்லிவிட்டார். "எழுதி விட்டுட்டாங்க. கல்லு சிதையலை."

"நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை கல்வெட்டு படிச்சிருக்கீங்க?"

"முப்பத்தெட்டு."

"யாரு சரிபார்த்தாங்க?"

"நீங்கதான்."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்போ ஏரி வெட்டினது யாரு?"

"தெரியாது."

"ஒரு யூகம்கூட இல்லையா?"

"இல்லை. ஏரிக் கல்லுக்கு முன்னாடி இருந்த கல்லு கிடைக்கணும். கிடைக்கிற வரைக்கும் தெரியாது."

"எனக்கு வேற கேள்வி இல்லை," என்று டீச்சர் உட்கார்ந்தார்.

வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று அமர்வுத் தலைவர் கேட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கேட்டார். பிறகு, கீழ்ப்புலியனூர் கல்வெட்டின் பழைய வாசகம் இன்றோடு மாறுகிறது என்று சொல்லி, அதை அமர்வுக் குறிப்பிலும் எழுதச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டில் பக்கிரிசாமியைச் சுற்றி ஒரே கூட்டம். செப்பேடு கண்டுபிடித்தவர் கை குலுக்கினார். எந்த நேர வெயிலில் போட்டோ எடுத்தீர்கள் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி குறித்துக்கொண்டாள். அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். ஆனால் தட்டில் இருந்த சாதத்தைத் தொடவில்லை. கூட்டம் கலைந்ததும் சுவரோரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மங்கையர்க்கரசி தன் தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

"ஊறுகாய் போட்டுக்கலையா?"

"வேணாம் டீச்சர்."

"நார்த்தங்காய். நல்லா இருக்கு."

பக்கிரிசாமி தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"என் மேல கோபமா டீச்சர்?"

"இல்லையே."

"அவ்வளவு பேர் முன்னாடி, திருடனை விசாரிக்கிற மாதிரி கேட்டீங்க."

"ஆமா."

"வீட்டுலயே சரின்னுதானே சொன்னீங்க?"

அவர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து பக்கிரிசாமியின் தட்டில் வைத்தார்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் இதே அரங்கத்துலதான் படிச்சேன் ஐயா. முடிச்சதும் எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலை."