எம்.பி. அமுக்கிய பட்டன்

உப்பளங்களைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்த அன்று, நம்ம எம்.பி. ஓட்டே போடவில்லை என்று டீக்கடைச் சுவரில் எழுதிவிட்டான், விளம்பரம் எழுதும் சூசை. விடிந்ததும் கார்கள் வந்து நின்றன.

எம்.பி. இறங்கினார். அடியாள் ஒருவன் சூசையின் பிடரியைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினான். உப்பளத்து ஜனங்கள் சுற்றிக் கூடினார்கள்.

"எதிர்த்து ஓட்டுப் போட்டவன் நான். நான் பட்டனை அமுக்குற மாதிரி இதே சுவர்ல படம் வரைலே. இல்லேன்னா உன் கை உனக்கு இல்ல."

சூசை பிரஷை எடுத்தான். முகம் வரைந்தான், மீசை வரைந்தான், நீட்டிய விரலும் வரைந்தான். அதோடு நிறுத்திவிட்டான்.

"ஐயா, நீங்க அமுக்குன பட்டன் என்ன கலரு?"

எம்.பி. உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார்.

"இதென்ன கேள்விலே? நம்ம கட்சிக் கலருதான். நீலம் அடி."

சூசை டப்பாக்களைக் காட்டினான். "நீலம் இல்லையே ஐயா. பச்சை, சிவப்பு, மஞ்சள்தான் இருக்கு." வரைந்திருந்த விரலின் நுனியைப் பிரஷால் காட்டினான். "ஓட்டுப் போட்டத டி.வி.ல காட்டுனாவ. அங்க இருக்க பட்டனும் இந்த மூணு கலருதான் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. பிடரியைப் பிடித்திருந்தவனின் அப்பனுக்கும் உப்பளத்தில்தான் வேலை. அவன் மெல்லக் கையை எடுத்தான்.