புல் தன் உயிரைப் புதைத்த இடம்

புல்லும் மாடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், புல்லின் உயிர் அதன் நுனியில் இருந்தது. பனைக்குக் குருத்தில் இருக்கிறதே, அதுபோல. நுனி போனால் தூரோடு பட்டுப்போகும். மனிதரில் நாச்சாயி ஒருத்திக்குத்தான் இது தெரியும்.

மழை குறைந்த மேட்டுக்காட்டில் அவளுக்கு நாற்பது மாடுகள் இருந்தன. ஒரு காடு மேய்ந்த மறு வருஷமே பொட்டலாகிவிடுகிறது, பக்கத்துக் காடு மட்டும் எப்படித் தழைக்கிறது என்று யாரைக் கேட்டாலும் விதி என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. புல் தூர்களில் நூல் கட்டிவைத்தாள். சிவப்பு நூல் கட்டியதில் நுனியைக் கிள்ளினாள். வெள்ளை நூல் கட்டியதில் பக்கத்துத் தாள்களை மட்டும் பறித்தாள். சிலவற்றைத் தொடாமல் விட்டாள். ஐந்து வருஷம் பார்த்தாள். வெள்ளை நூல் தூர்கள் பிழைத்தன. சிவப்பு நூல் கட்டியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கண்டுபிடித்துவிட்டாளே என்று புல் பயந்துபோய் அவளிடம் பேசியது. மாடுகளுக்குச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது. அவளும் வாக்குக் கொடுத்தாள். மாடு முதலில் பக்கத்துத் தாளைத்தான் தின்னும், நுனிக்குக் கடைசியில்தான் வரும். மேய்ச்சல் காட்டைப் பட்டி பட்டியாகப் பிரித்திருந்தாள்; அதற்குள் மந்தையை அடுத்த பட்டிக்கு ஓட்டிவிடுவாள். கிழக்குப் பட்டியை மட்டும் முள் அடைத்து, விதைக்கென்று மேயாமல் விட்டாள். மற்றதெல்லாம் போனாலும் அது இருந்தால் திரும்பி வந்துவிடுவோம் என்று புல் சொல்லியிருந்தது.

பிறகு இரண்டு வருஷம் வானம் பொய்த்தது. அடைத்த பட்டியைத் தவிர எங்கும் புழுதிதான். அந்த நேரம் பார்த்துச் செவலைப் பசு கன்று ஈன்றது.

“ஆத்தா, மடியில ஒரு சொட்டு இல்ல. என் கன்னு முட்டி முட்டி ஓஞ்சுபோச்சு. அந்த முள்ளுக்கு அந்தப்பக்கம் பச்சை தெரியுதே” என்றது செவலை.

நாச்சாயி முள்வேலி ஓரம் போய் நின்று புல்லிடம் கெஞ்சினாள். காற்று மேற்கே திரும்பிவிட்டது, மழை வந்துவிடும், இன்னும் நாலு நாள் பொறு என்றது புல். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் விடிந்தபோது கன்றால் எழுந்து நிற்க முடியவில்லை.

முள்ளை இழுத்துப் போட்டாள். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. மாடுகள் அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. வெயில் ஏறுவதற்குள் தாளெல்லாம் தீர்ந்துவிட்டது. ஓட்டவேண்டிய நேரம் அதுதான். கையில் கோல் இருந்தது. நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நுனியை வளைக்கும் மாடுகளைப் பார்த்தபடி நின்றாளே தவிர, கோலை ஓங்கவில்லை. புல் ஒருமுறை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை கன்று வயிறு நிறையப் பால் குடித்தது. அதைத் தடவிக்கொண்டே அழுதாள்.

புல் சொன்ன கணக்குப்படியே மறுநாள் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வேரும் உயிரோடு இல்லை. மேட்டுக்காடு செம்மண் குழம்பாகி ஓடையில் போயிற்று; அடியில் இருந்த சரளைக்கல் மட்டும் பல்லைப்போல் தெரிந்தது. ஈரம் இருந்தும் எதுவும் முளைக்கவில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செவலை போன மூன்றாம் நாள் கன்றும் போனது.

நாச்சாயி காடெல்லாம் தேடி அலைந்தாள். எட்டாம் நாள், வேலமரத்து முள்ளுக்கடியில் ஒரே ஒரு தூரைக் கண்டாள். மாட்டு வாய் எட்டாத இடம். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சாகிற வரைக்கும் உனக்குக் காவல் இருக்கறேன்” என்றாள்.

“நீ நல்லவதான், நாச்சாயி” என்றது புல். “பசி வந்தா நல்லவங்களும் வேலியைத் தொறப்பாங்க. இனி எங்க உசுரை யார் வாக்கை நம்பியும் வெளியில வெக்க மாட்டோம்.”

சொல்லிவிட்டு, நுனியில் இருந்த உயிரைக் கணுக்கணுவாகக் கீழே இறக்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நுனி வெளுத்தது. தண்டு வெளுத்தது. கடைசியில் தூரைச் சுற்றி மண் கொஞ்சம் அசைந்து அடங்கியது.

உயிர் நிஜமாகவே இறங்கிவிட்டதா என்று பார்க்க நுனியைக் கிள்ளினாள். ஆறு நாள் அங்கேயே கிடந்தாள். ஏழாம் நாள் மண்ணை ஒட்டி ஊசிபோல ஒரு பச்சை வந்தது. குனிந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். திரும்பக் கேட்டாள். பதில் இல்லை. உயிரோடு சேர்ந்து பேச்சும் மண்ணுக்குள் போயிருந்தது.

அன்று முதல்தான், மாடு மேய்ந்த புல் மறுபடி தூரிலிருந்து துளிர்க்கிறது. ஆனால் எவ்வளவு மேய்ந்தால் போதும் என்பதை மட்டும் அது யாரிடமும் சொல்வதில்லை.