மடத்துக் கூரை

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் கரட்டுப்பட்டியில் ஆலங்கட்டி மழை கொட்டியது. கால் மணி நேரம்தான். எலுமிச்சம்பழம் பருமனில் விழுந்த கட்டிகள் ஊரின் பன்னிரண்டு ஓட்டு வீடுகளையும் பொத்தல் போட்டுவிட்டன. வாழை இலைகள் கந்தலாகத் தொங்கின.

மடத்துக் கூரையில் மட்டும் ஓர் ஓடுகூட அசையவில்லை.

அதை வேய்ந்தவர் நல்லமாயன். ஐம்பத்தெட்டு வயது. ஓடு வேய்வதில் மலையடிவாரம் முழுக்கப் பெயர் போன கை. தன்னைப்போல் உண்டா என்ற நினைப்பு ராத்தூக்கத்தைக் கெடுக்கவே, அதைத் தொலைக்க மூன்று வருடம் முன்பு மடத்துக்கு வந்து சீடரானார். குரு செண்பகவல்லி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "மொதல்ல இந்தக் கூரையை வேய்ஞ்சு குடுங்கண்ணே, பேசுவோம்" என்றார்.

நல்லமாயன் ஒவ்வோர் ஓட்டையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டதை மட்டும் மேலே ஏற்றினார். இரட்டை அடுக்கு. நினைப்பு போனதோ இல்லையோ, கூரை பிரமாதமாக வந்தது.

மழை விட்டதும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, பெருமைப்படுறது தப்பா?"

"எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"சும்மா, பொதுவாத்தான்."

பொதுவாகக் கேட்பவரின் கண் அப்படிக் கூரையிலேயே நிற்காது. அம்மா சிரித்துக்கொண்டார்.

"மழை விடட்டும், சொல்றேன்."

"மழைதான் விட்டுருச்சே!"

"இன்னும் இருக்குண்ணே."

மறுநாள் காலை ஊரே மடத்து வாசலில் நின்றது. முன்னால் நின்ற ஊர்க்காரி குருவம்மா கையில் உடைந்த ஓடு இருந்தது.

"சூளைக்காரர் புது ஓட்டுக்கு ஒரு மாசம் ஆகும்ங்குறார். தார்ப்பாயைக் காத்து நிக்க விடல. மேற்க கருக்கிட்டு வருது, பொழுது சாயுறதுக்குள்ள கொட்டிரும். என்ன செய்யுறதுன்னு தெரியலம்மா."

அம்மா கொல்லைப் பக்கம் கிடந்த ஏணியை இழுத்து வந்து கூரையில் சாத்தினார்.

நல்லமாயன் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என்ன இது?"

"மேல ரெண்டு அடுக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"நமக்கு ஒண்ணு போதாதா?"

"ஒவ்வொண்ணும் நான் தட்டிப் பாத்து வச்சதும்மா!"

"அதனாலதான் கேக்குறேன்."

நல்லமாயன் ஏறினார். ஊர் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றியது. ஒவ்வொரு வீட்டுப் பொத்தலையும் அவரே ஏறி அடைத்தார். மத்தியானம் மூன்று மணிக்குள் பதினொரு வீடு முடிந்தது. மடத்தின் மேலடுக்கும் முடிந்தது. ஆனாலும் கீழடுக்கு வரிசை குலையாமல் இருந்தது. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"குடுத்தும் குறையல, பாத்தீங்களா அம்மா? இன்னைக்கும் ஒரு சொட்டு உள்ள வராது."

குருவம்மா தயங்கித் தயங்கி வந்தாள்.

"என் மக வீடு பாக்கி இருக்கு மாமா. புள்ளை பொறந்து ஒம்போது நாள்தான் ஆகுது. பாதிக் கூரை போச்சு."

"ஓடு தீந்துபோச்சே. ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துரு."

"பதினாறு நாள் ஆகாம பச்சை உடம்புக்காரி வாசப்படி தாண்டுவாளா மாமா?"

நல்லமாயன் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் அறைக்குள் போய்ப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

நல்லமாயன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"உங்க அறை ஓடு மட்டும் பத்தாதும்மா. கூடத்துலயும் பாதியைப் பிரிக்கணும்."

சொல்லிவிட்டு அவரே ஏறினார். இப்போதும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார். ஓர் ஓடு மட்டும் சத்தம் செத்திருந்தது. அதை மடத்துக்கே வைத்துவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நல்லமாயன் மடத்துக்கு ஓடி வந்தார். உள்ளே குடம், அண்டா, உருளி என்று இருந்த பாத்திரமெல்லாம் தரையில் ஒழுகலை ஏந்திக்கொண்டு நின்றன. அம்மா ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.

"புள்ளைக்காரி வீட்டுல ஒரு சொட்டு இல்லம்மா. புள்ளை அசந்து தூங்குது. பன்னெண்டு வீட்டையும் சுத்திப் பாத்துட்டு வந்துட்டேன்."

"ம்."

சொல்லும்போதே நல்லமாயனுக்கு நெஞ்சு விம்மியது. அது அவருக்கே தெரிந்தது. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, நேத்து ஒண்ணு கேட்டேன்."

"பெருமைப்படுறது தப்பான்னு."

"ஆமா. மழை விட்டதும் சொல்றேன்னீங்க."

"விடுற மாதிரி தெரியலையேண்ணே."

அம்மா எழுந்தார். நிரம்பி வழிந்த குடத்தைத் தூக்கி வாசலில் ஊற்றினார். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து மூக்கு வழியே இறங்கியது, துடைக்கவில்லை. மழைக்குள் தெரிந்த பன்னிரண்டு கூரைகளையும் ஒரு முறை பார்த்தார். திரும்பி, கல்யாண வீட்டுக்காரி மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"இன்னைக்கு இந்த ஊர்ல ஒழுகுற வீடு ஒண்ணே ஒண்ணுதாண்ணே. அது நம்ம வீடு!"